பக்கத்து வீட்டு யமடா குடும்பம்

ஜப்பானின் பெருநாளேடுகளுள் ஒன்றான அசாஹி ஷிம்புனில், 1991ஆம் ஆண்டு தொடங்கி, ஹிசாயிச்சி இஷியி என்னும் சித்திரக்காரர் யமடா என்ற ஓர் எளிய குடும்பத்தின் அன்றாட விவகாரங்களை நான்கே கட்டங்களில் வரைந்துவந்தார். முதற்கட்டத்தில் ஒரு விஷயத்தை எடுத்து, இரண்டாவதில் அதை வளர்த்து, மூன்றாவதில் எதிர்பாராத பக்கமாகத் திருப்பி, நான்காவதில் சிரிப்பாக முடிப்பது இவ்வகைச் சித்திரங்களுக்கு அந்நாட்டில் ஏற்பட்டிருக்கும் சம்பிரதாயம். படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதே மறந்துபோகக்கூடிய இந்தச் சின்னஞ்சிறு சித்திரங்களை ஆதாரமாகக் கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடக்கூடிய ஓர் அனிமேஷன் படத்தை எடுக்க முனைந்தார் இசாவோ தகாஹாட்டா. 1999 ஜூலையில் ஜிப்லி ஸ்டூடியோவிலிருந்து வெளிவந்த அப்படத்தின் ஜப்பானியப் பெயர் ஒரு பறவையின் கூவலோடு ஆரம்பிக்கிறது. உலகம் அதை 'மை நெய்பர்ஸ் தி யமடாஸ்' என்ற பெயரால் அறியும். அறியும் என்று சொல்வதுகூட அதிகப்படிதான்; ஜிப்லியின் படங்களைக் கொண்டாடுகிறவர்களிலேயே இதைப் பார்த்திராதவர்கள் ஏராளம். அந்தக் குறை நீங்க வேண்டும் என்ற ஆவலினால்தான் இதை எழுதுகிறேன்.

குடும்பத்தின் பெயரைக் கேட்டவுடன் ஏதோ சாகசம் நிகழப்போகிறது என்று எண்ண வேண்டியதில்லை. தகப்பனார் தகாஷி, அலுவலகம் போய்வரும் நடுத்தர வயதுக்காரர். தாயார் மாட்சுகோ, இன்றைக்கு என்ன சமைப்பது என்ற கேள்விக்கு எந்நாளும் விடை காணாதவள். மகன் நொபோரு, படிப்பில் மனம் செல்லாத பள்ளிக்கூடத்துப் பையன். சிறுமி நோநோகோ, உரத்த குரலும் பெருத்த பசியும் உடையவள். இவர்களோடு மாட்சுகோவின் தாயார் ஷிகே. மாப்பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிற அந்த மாமியாரின் நாக்குக்கு வீட்டில் யாரும் ஈடு கொடுக்க இயலாது. போச்சி என்ற நாயும் உண்டு; அதன் முகத்தில் சிரிப்பை யாரும் கண்டதில்லை.

கதை என்று கோவையாக ஒன்றும் இல்லை. கடைக்குப் போன குடும்பம் காரில் பாதி வழி திரும்பிய பிறகே, பின்னால் நோநோகோ இல்லை என்பதைக் கண்டுபிடிக்கிறது. பதைபதைப்பும், யார்மேல் தவறு என்ற வாக்குவாதமும் காருக்குள்ளே பொங்கிக்கொண்டிருக்க, கடையிலே அந்தக் குழந்தையோ, தன்னைப் போலவே தனித்து அழுதுகொண்டிருக்கும் ஒரு சிறுவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொலைந்துபோனது தான் அல்ல, தன் குடும்பத்தார்தான் என்பது அவளுடைய திடமான அபிப்பிராயம். தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்று கணவனும் மனைவியும் போடும் சண்டை, தேர்ந்த வாள்வீரர் இருவரின் துவந்த யுத்தத்தைப் போல அங்க அசைவுகளோடு நிகழ்கிறது. பனி பொழிகிறதே, வெளியே வாருங்கள், எல்லோரையும் ஒரு படம் எடுக்கிறேன் என்று தகாஷி ஆசையோடு அழைக்கிறார். மெத்தை மூடிய கணப்பு மேஜைக்குள் காலை நீட்டிச் சுகமாக உட்கார்ந்திருப்பவர்களுள் ஒருவருக்கும் எழுந்திருக்க மனமில்லை. பார்க்கையில் சிரிப்பு வருகிறது. சற்றுப் பொறுத்து அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வருகையில் வேறொன்றும் வருகிறது.

இத்தகைய அத்தியாயங்கள் சிலவற்றின் முடிவில், பாஷோ, பூஸோன், சந்தோகா ஆகிய கவிகளின் ஹைக்கூ ஒன்று ஓதப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கவியான பாஷோவின் மௌனத்தையும் சமையலறைச் சச்சரவையும் அருகருகே வைப்பது விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால், சொல்லாமல் விட்டதிலே பொருளை நிறைத்து வைக்கும் அக்கவிதைகளின் தர்மமே படத்தின் சித்திர முறைக்கும் ஆதாரம் என்பது என் துணிபு.

அந்தச் சித்திர முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். திரையில் நாம் காண்பது, நடுங்கும் பென்சில் கோடுகள், ஓரத்துக்கு எட்டாமல் பாதியில் நின்றுவிட்ட நீர்வர்ணம், அதற்கப்பால் வெறும் வெள்ளைத்தாள். ஓர் அறை என்றால் ஒரு மேஜையும் ஒரு கதவின் விளிம்பும்தான். தெரு என்றால் ஒரு சுவரும் ஒரு கம்பமும்தான். யாரோ ஓய்வு வேளையில் அலட்சியமாகக் கீறிப்போட்டது போன்ற இந்தத் தோற்றத்தை உண்டாக்குவதற்கு எடுத்துக்கொண்ட பிரயாசை அசாதாரணமானது. வழக்கமான அனிமேஷனில் ஒரு சித்திரம் போதுமான இடத்தில், இங்கே கோட்டுக்கு ஒன்று, வர்ணத்துக்கு ஒன்று, அந்த வர்ணம் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் காட்டுவதற்கு ஒன்று என மும்மூன்று சித்திரங்கள் வரைய நேர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 1,70,000 சித்திரங்கள் ஆயின. அது மட்டுமன்று. ஜிப்லியில் முழுவதும் கணினியில் வர்ணம் தீட்டப்பட்ட முதற்படமும் இதுவே. ஈரம் காயாத தூரிகையின் சுவட்டைத் திரைக்குக் கொண்டுவருவதற்காகவே அவ்வளவு நவீனமான யந்திரம் பயன்பட்டது.

தகாஹாட்டா சித்திரம் வரையத் தெரியாதவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர். இப்படம் வெளியான அதே 1999இல், பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜப்பானியச் சுருள் ஓவியங்களை அனிமேஷன் கலையின் மூதாதையராகக் கொண்டு ஆராயும் நூலொன்றையும் அவர் வெளியிட்டார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். திரையின் ஒவ்வோர் அங்குலத்தையும் நுணுக்கமாக நிரப்பிவிட்டால், பார்ப்பவன் பிரமித்து வாய்மூடி இருப்பான். வெற்றிடம் விட்டால், அவ்விடத்தில் தன் வீட்டுக் கூடத்தையும் தன் தாயின் அதட்டலையும் தானே கொண்டுவந்து வைத்துக்கொள்வான். 1988இல் போரின் நெருப்பில் அநாதைகளான இரு குழந்தைகளைக் காட்டி உலகத்தை அழவைத்த அதே மனிதர்தாம் இந்தச் சிரிப்பையும் அளித்தவர். இரண்டிலும் மனிதனை உற்றுப் பார்க்கும் கண் ஒன்றே.

படத்தின் இந்தச் சித்திர முறை ஒரே ஓர் இடத்தில் வேண்டுமென்றே உடைகிறது. இரவில் மோட்டார் சைக்கிள் போக்கிரிகள் வந்து தெருவை அமர்க்களப்படுத்த, மனைவியின் தூண்டுதலால் தகாஷி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவர்களைத் தட்டிக்கேட்கப் போகிறார். அக்கணத்தில் கேலிச்சித்திரம் மறைந்து, மனிதர்கள் நிஜமான அளவோடும் நிழலோடும் காட்சியளிக்கின்றனர்; குட்டைக் கால்களும் உருண்டைத் தலையுமாக இதுவரை இருந்தவர், பயத்தில் நா எழாத ஒரு மெய்யான மனிதராக நிற்கிறார். அவரைக் காப்பாற்றுவது அவருடைய மாமியாரும் மனைவியும். பிறகு பூங்காவின் ஊஞ்சலில் தனியே உட்கார்ந்து, தம் இளமைக்காலத்துத் தொலைக்காட்சி வீரனான நிலவு முகமூடியாகத் தாம் மாறிக் குடும்பத்தை ரட்சிப்பதாக அவர் கற்பனை செய்துகொள்ளும் காட்சி, இந்தப் படத்திலேயே தலைசிறந்தது என்பேன். ஒரு சொற்ப மனிதனின் கௌரவத்தை இவ்வளவு மிருதுவாகத் தொட்ட காட்சிகள் நான் அறிந்தவரை வெகு சில.

நோநோகோவின் ஆசிரியை ஒரு சமயம் கரும்பலகையில் 'தெகிதோ' என்ற சொல்லை எழுதிவைக்கிறாள். பொருத்தமாக என்று அதற்கு ஒரு பொருள்; ஏதோ ஒப்பேற்றிக்கொள்வது என்று மற்றொரு பொருள். அவ்வீட்டின் சமையலும் சண்டையும் சமாதானமும் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே நடைபெறுகின்றன.

இப்படிப்பட்ட படத்துக்கு வந்த காலம் சரியில்லை. 1997இல், ஜிப்லியின் மற்றோர் இயக்குநரான மியசாகியின் 'பிரின்ஸஸ் மோனோநோகே' வசூலில் சரித்திரம் படைத்திருந்தது. 2001இல் அவருடைய 'ஸ்பிரிட்டட் அவே' அதையும் மிஞ்சப்போகிறது. காடும் தெய்வங்களும் யுத்தமுமாக விரிந்த அந்தப் பிரம்மாண்டங்களுக்கு நடுவே, இஞ்சியைப் போட்டதா மறந்ததா என்று விவாதிக்கும் ஒரு குடும்பம் ஜனங்களின் கண்ணுக்குப் படவில்லை. செலவிட்டது மீளவில்லை. தகாஹாட்டாவின் அடுத்த முழுநீளப்படம் வர 14 ஆண்டுகள் ஆயின.

படத்தின் தொடக்கத்தில், தகாஷியும் மாட்சுகோவும் மணமுடித்து வாழ்க்கைக் கடலில் ஓடம் செலுத்தும் கற்பனைக் காட்சி ஒன்று வருகிறது. பழைய கதைகளில் உள்ளபடியே, மகன் ஒரு பெரிய பீச் பழத்துக்குள்ளிருந்து கிடைக்கிறான். மகளோ வெட்டிய மூங்கிலின் கணுவுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். 2013இல், அதே நீர்வர்ணத்தில், அதே முற்றுப்பெறாத கோடுகளில், மூங்கிலுக்குள் ஒளிவிடும் இன்னொரு பெண் குழந்தையைத் தகாஹாட்டா கண்டெடுத்தார். அந்தக் காகுயா இளவரசியின் கதையே அவருடைய கடைசிப் படம்.