யோகாசனமும் முஸ்லிம் அறிஞர்களும்

முதுகுவலி என்று மருத்துவரிடம் செல்பவருக்கு மருந்துச் சீட்டோடு சில ஆசனங்களும் பரிந்துரைக்கப்படுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் அறிவித்தபின், பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அது ஆண்டு நிகழ்ச்சியாக இடம்பெற்றுள்ளது. இந்நிலையில் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வினா எழுகிறது. இது உடற்பயிற்சியா, வழிபாடா? நம்மிடம் பாடம் கேட்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதனை அடிக்கடி வினவுகின்றனர். ஒரு சாரார் யோகம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஷிர்க் என்று தள்ளிவிடுகின்றனர். மறுசாரார் தொழுகையே ஒரு யோகாசனம்தான் என்று கூறி மகிழ்கின்றனர். இவ்விரு விடைகளும் ஆராயாமல் கூறப்படுபவை என்பதே நமது கருத்து.

உண்மையில் இவ்வினா நமக்குப் புதியதன்று. யோகத்தை முதன்முதலில் அறிவுலகின் முன் பிறமொழியில் வைத்தவர்களுள் முஸ்லிம் அறிஞர்கள் முன்னணியில் நிற்கின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு வாசித்தனர், எதனை ஏற்றனர், எதனை விலக்கினர் என்பதை அறிந்துகொண்டால் இன்றைய வினாவுக்கு விடை காண்பது எளிதாகும்.

அல்-பீரூனியின் மொழிபெயர்ப்பு

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்-பீரூனி, பதஞ்சலியின் யோக சூத்திரத்தை ஓர் உரையுடன் சேர்த்து அரபியில் ஆக்கினார். 'கிதாபு பாதஞ்சல்' எனப்படும் அந்நூல் வினா விடை வடிவில் அமைந்தது. 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய இந்தியா பற்றிய பெருநூலில் இம்மொழிபெயர்ப்பைத் தாமே குறிப்பிடுகிறார். நெடுங்காலம் மறைந்திருந்த அதன் கையெழுத்துப் படியை இஸ்தான்புல்லில் பிரெஞ்சு அறிஞர் லூயி மாசினோன் கண்டறிந்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர் அதனை 1956இல் பதிப்பித்தார்.

இங்கு நாம் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. நான்கு பாதங்களாக அமைந்த பதஞ்சலியின் நூலில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே சூத்திரங்கள். இருக்கை அசைவற்றதாகவும் இதமானதாகவும் இருக்கவேண்டும் என்பதே அவற்றின் சாரம். எந்த ஆசனத்தின் பெயரும் மூலத்தில் இல்லை. தாமரை, வீரம், தண்டம் முதலிய பெயர்கள் உரைகாரர் வழியாகவே வருகின்றன. பதஞ்சலிக்கு ஆசனம் என்பது தியானத்தில் அமர்வதற்கான ஓர் ஆயத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆகவே அல்-பீரூனி மொழிபெயர்த்தது ஒரு தத்துவ நூலையே, உடற்பயிற்சி நூலையன்று. அவர் அதனைத் தாம் பின்பற்றுவதற்காக மொழிபெயர்க்கவில்லை. அண்டை மக்களின் நம்பிக்கையை அவர்களுடைய சொற்களிலேயே அறிந்துகொள்ளவேண்டும் என்ற அறிவு நேர்மையே அவரை இயக்கியது. ஒன்றை அறிதல் வேறு, அதனை ஏற்றல் வேறு என்னும் பாடத்தை அவர் நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார்.

ஆசனங்கள் பெருகிய காலம்

ஆசனங்கள் எண்ணிக்கையிலும் முக்கியத்துவத்திலும் பெருகியது ஹடயோக நூல்களின் காலத்திலாகும். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய 'ஹடயோகப் பிரதீபிகை' 15 ஆசனங்களை விவரிக்கிறது. பிற்பட்ட 'கேரண்ட சம்ஹிதை' 32 ஆசனங்களைக் கூறுகிறது. இன்று பயிற்சி பெறுவோர் அதிகம் விரும்பும் ஆசனங்களில் சில இந்நூல்களிலேயே உள்ளன. இரு பாதங்களையும் எதிர்த்தொடைகளின் மேல் ஏற்றி அமரும் பத்மாசனம், இடுப்பிலிருந்து குனிந்து கால்விரல்களைப் பற்றும் பச்சிமோத்தானாசனம், பயிற்சியின் முடிவில் மல்லாந்து அசைவின்றிப் படுத்து இளைப்பாறும் சவாசனம் ஆகியவை அவ்வாறானவை.

தமிழகத்திலும் இம்மரபு தொன்மையானது. திருமூலரின் திருமந்திரம் தன் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புக்களைக் கொண்ட யோகத்தை விரித்துரைக்கிறது. அதன்வழி வந்த சித்தர்களின் சொல்வழக்குத் தமிழ் ஸூஃபிக் கவிஞர்களிடமும் இடம்பெற்றது. தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்), 1792இல் பிறந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) ஆகியோரின் பாடல்களைப் பயில்வோர் அங்கே யோகக் கலைச்சொற்களைக் காண்பர். அச்சொற்களை அவர்கள் தௌஹீதின் பொருளை உணர்த்துவதற்கே கையாண்டனர். தம் காலத்து மக்களுக்குப் பழகிய மொழியில் பேசியதே அவர்கள் செய்தது.

குவாலியரின் ஷைகும் 21 இருக்கைகளும்

யோகப் பயிற்சியையே நேராக எதிர்கொண்ட முஸ்லிம் நூல் ஒன்று உண்டு. 'அமிர்தகுண்டம்' என்னும் இந்திய நூல் 'ஹவ்ளுல் ஹயாத்' என்ற பெயரில் அரபியில் வந்தது. வங்கத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு காழியின் முயற்சியால் அது பெயர்க்கப்பட்டது என்று அதன் முன்னுரை கூறுகிறது. எனினும் இன்றைய ஆய்வாளர் கார்ல் எர்ன்ஸ்ட் முதலானோர் அவ்வரலாற்றை அப்படியே ஏற்பதில்லை. இந்நூலின் சில படிகள் ஷைகுல் அக்பர் இப்னு அரபீயின் பெயரையும் தவறாகச் சுமந்து நிற்கின்றன. நூலின் பரவலுக்கு இதுவே ஒரு சான்று.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷத்தாரிய்யா தரீக்காவின் ஷைகு முஹம்மது கௌது குவாலியரீ (ரஹ்), குஜராத்தில் இருந்த காலத்தில் இதனை 'பஹ்ருல் ஹயாத்' என்ற பெயரில் பாரசீகத்தில் விரித்தெழுதினார். அரபு நூலில் ஐந்தாக இருந்த இருக்கைகள் இவருடைய நூலில் 21 ஆயின. கருப்பைக்குள் சிசு மடங்கியிருப்பதுபோல் முழங்கால்களை உயர்த்தி உடலைச் சுருக்கிக்கொள்ளும் கர்ப்பாசனம் அவற்றுள் ஒன்று. வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலி, நாவினை உள்நோக்கி மடிக்கும் கேசரி, குளிர்ந்த மூச்சை உள்ளிழுக்கும் சீதளி ஆகியனவும் அதில் உள்ளன. ஆசனம், மூச்சுப் பயிற்சி, முத்திரை என்று இன்று நாம் பிரிப்பனவற்றை அவர் ஒரே வரிசையில் வைத்தார்.

இளவரசர் சலீம், பின்னாளில் ஜஹாங்கீர் பாதுஷாவாக அரியணை ஏறியவர், அலகாபாத்தில் தங்கியிருந்தபோது அவருக்காக இந்நூலின் ஓவியப் படியொன்று 1602இல் உருவாயிற்று. அது இப்போது அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஆசனங்களை வரிசையாகப் படம் வரைந்து விளக்கும் ஏடுகளுள் நமக்குக் கிடைத்திருப்பனவற்றில் இதுவே மிகப் பழையது என்று கலை வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். அதாவது, இன்று கடைகளில் விற்கும் ஆசனப் படநூல்களுக்கெல்லாம் மூத்தது ஒரு முஸ்லிம் ஷைகு எழுதி ஒரு முகலாய இளவரசர் வரையச் செய்த நூலாகும்.

அந்நூலின் மொழிபெயர்ப்பு முறை கூர்ந்து நோக்கத்தக்கது. யோகிகளின் மந்திரங்களுக்கு நிகராக 'யா ரப்பு' முதலிய இறைத்திருநாமங்கள் அதில் தரப்பட்டன. கோரக்கரை ஹிழ்ரு (அலை) என்றும் மச்சேந்திரரை யூனுஸ் (அலை) என்றும் அது இனங்காட்டிற்று. இது சரிதானா? நமது பார்வையில் இது மிகை. நபிமார்களை அவ்வாறு இனங்காட்ட எந்த ஆதாரமும் இல்லை. உருவத்தில் ஒத்திருப்பவை பொருளில் ஒத்தவையாகிவிடா. ஷைகு கௌது அவர்கள் தம் காலத்திலேயே எதிர்ப்பைச் சந்தித்தவர். தமக்கு மிஃராஜ் வாய்த்ததாக அவர் கூறியதற்காக 'கன்ஸுல் உம்மால்' தொகுத்த அலீ முத்தகீ (ரஹ்) அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அகமதாபாத்தின் வஜீஹுத்தீன் அலவீ (ரஹ்) அவருக்கு ஆதரவாக நின்றார். யோகம் அவ்வழக்கின் பொருளன்று. எனினும், நம் முன்னோர் அனைவரும் எதையும் ஏற்றுக்கொண்டனர் என்றோ, அனைவரும் மறுத்தனர் என்றோ கூறுவது வரலாறாகாது என்பதை இது காட்டுகிறது.

இன்றைய பயிற்சி முறைகள்

இன்று யோகா நிலையங்களில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற முறையாகும். மைசூர் அரண்மனையில் 1930களில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) இதில் முதன்மையானவர். அவருடைய மாணவர்கள் வெவ்வேறு வழிகளில் சென்றனர். பி.கே.எஸ். ஐயங்கார் ஒவ்வோர் ஆசனத்திலும் உடலின் நேர்த்தியை வலியுறுத்தி, நெடுநேரம் நிலைத்திருக்கச் செய்தார். முதியோரும் நோயுற்றோரும் பயில மரக்கட்டை, பட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாக்கினார். பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு இணைந்த தொடர் அசைவுகளாக ஆசனங்களை மாற்றாத வரிசையில் அமைத்தார். இது உடல் வலிமை மிக்க இளைஞருக்கே பெரிதும் ஏற்றது. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றவேண்டும் என்றார். 1976இல் சென்னையில் அதற்கென ஒரு நிலையத்தையும் நிறுவினார். நெல்லை மாவட்டம் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் வழிவந்தோர் 12 அடிப்படை ஆசனங்களையும் இளைப்பாறுதலையும் கொண்ட முறையைப் பரப்பினர்.

இவற்றுள் நவீன உடற்பயிற்சி மரபுகளின் தாக்கம் கணிசமாக உள்ளது என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட ஆய்வு வாதிடுகிறது. பிக்ரம் சௌத்ரி வெப்பமூட்டிய அறையில் 26 ஆசனங்களை ஒரு வரிசையாக்கி, அதற்குப் பதிப்புரிமை கோரினார். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதனை மறுத்தது. உடல்நலம் நாடிச் செய்யப்படும் அசைவுகளின் வரிசை பதிப்புரிமைக்கு உரியதன்று என்பதே அத்தீர்ப்பின் கருத்து. உடலை வளைப்பதும் நிமிர்த்துவதும் மனித இனத்தின் பொதுச்சொத்து என்று நாமும் கூறலாம்.

ஷரீஅத்தின் பார்வையில்

இப்போது வினாவுக்கு வருவோம். யோகப் பயிற்சி என்று சொல்லப்படுவதில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது உடலின் நிலையும் மூச்சின் ஒழுங்கும். இரண்டாவது நாவால் மொழிவது. மூன்றாவது உள்ளத்தின் நோக்கம். முதலாவதைப் பொறுத்தவரை, தடை நிறுவப்படாத வரை பொருள்கள் அனுமதிக்கப்பட்டவையே என்னும் விதி பொருந்தும். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இரண்டாவதில் பிற தெய்வங்களை விளிக்கும் மந்திரங்கள் வருமாயின் அது தௌஹீதைத் தொடும் விஷயம், அதற்கு இடமில்லை. மூன்றாவதில், செயல்கள் நோக்கத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்ற அடிப்படை நின்று தீர்ப்பளிக்கும்.

உலக முஸ்லிம் நாடுகளின் தீர்ப்புக்களும் ஏறத்தாழ இவ்வழியிலேயே அமைந்தன. மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம் 2008 நவம்பரில், அசைவும் மந்திரமும் வழிபாட்டு நோக்கமும் சேர்ந்த யோகம் கூடாது என்றது. மந்திரமின்றி உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லாஹ் பதாவி சில நாட்களில் விளக்கினார். இந்தோனேசிய உலமா மன்றம் 2009 ஜனவரியில், மந்திரம் சேர்ந்ததை விலக்கி வெறும் உடற்பயிற்சியை அனுமதித்தது. சவூதி அரேபியா 2017 நவம்பரில் யோகாவை விளையாட்டு நடவடிக்கைகளுள் ஒன்றாக ஏற்றது.

சூரிய நமஸ்காரம் இவற்றினின்று வேறுபட்டது. 12 நிலைகளைக் கொண்ட அத்தொடரின் பெயரே கதிரவனுக்கான வணக்கம். கதிரவனின் 12 பெயர்களை ஓதிச் செய்யும் வழக்கமும் அதற்குண்டு. கதிரவன் உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் மறையும்போதும், அல்லாஹ்வுக்கான தொழுகையையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கதிரவனை வணங்குவோருக்கு ஒப்பாகும் சாயலைக்கூடத் தவிர்க்கும் மார்க்கம் இது. ஆகவே அதே அசைவுகள் வேறு பயிற்சிகளில் கிடைக்கும்போது, இதனைத் தவிர்ப்பதே பேணுதலாகும். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளைக் குறித்து ஆசிரியரிடம் இதனைப் பண்போடு எடுத்துரைப்பது பெற்றோரின் கடமை. ஆசனம் செய்யும் பிள்ளையைக் காஃபிர் என்று கடிந்துகொள்வது கடமையன்று. அது பெரும்பாவத்துக்கு இட்டுச்செல்லும் சொல்.

தொழுகையும் ஆசனமும்

ருகூஉவில் முதுகு சமமாவதையும், ஸுஜூதில் நெற்றி, கைகள், முழங்கால்கள், பாதவிரல்கள் என ஏழு உறுப்புக்கள் தரையில் படிவதையும், அத்தஹிய்யாத்தின் இருப்பு வஜ்ராசனத்தை நினைவூட்டுவதையும் சுட்டி, தொழுகையே யோகம் என்போர் உளர். ஒப்புமை உண்மைதான். ஆனால் தொழுகையின் நிலைகள் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தவாறு செய்யப்படுபவை. நாம் கூட்டவோ குறைக்கவோ இயலாதவை. உடல்நலம் அதன் பயனாக வரலாம். அதன் நோக்கமாக ஆகாது. நலத்துக்காகவே ஸுஜூது செய்பவர் தொழுதவராகார். அவ்வாறே, மூட்டுவலிக்காக வஜ்ராசனத்தில் அமர்பவர் யாரையும் வணங்கியவராகார். இவ்விரண்டையும் கலக்காதிருப்பதே இரண்டுக்கும் செய்யும் நீதி.

மருத்துவப் பயனையும் அளவோடு கூறவேண்டும். நாட்பட்ட இடுப்புவலி பற்றி 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 1080 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளைப் பரிசீலித்தது. பயிற்சியே செய்யாதவர்களைவிட யோகம் பயின்றவர்களின் இயக்கம் ஓரளவு மேம்பட்டது. பிற முதுகுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெளிவாகவில்லை. எனவே விரும்புவோர் பயிலலாம்; மனம் ஒப்பாதவர் நடைப்பயிற்சியையோ வேறு பயிற்சியையோ மேற்கொள்ளலாம். அதனால் இழப்பேதுமில்லை. இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ கழுத்து எலும்புத் தேய்வோ உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

அல்-பீரூனி திறந்த மனத்தோடு கற்றார். தம் கொள்கையை இழக்கவில்லை. ஷைகு கௌது கற்றதோடு கலக்கவும் செய்தார். அவரிடம் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. அறியாமல் தள்ளுவதும் ஆராயாமல் கொள்ளுவதும் நம் அறிவு மரபுக்கு அழகல்ல. உடலை அமானிதமாகப் பேணி, உள்ளத்தைத் தௌஹீதில் நிறுத்தி வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. அவனே யாவும் நன்கறிந்தவன்.