அரைத்தானியங்கித் துப்பாக்கியின் விசையமைப்பு

விசையமைப்பு என்பது சுடுபவரின் விரல் அசைவைப் பெற்று, இழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியை விடுவித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் உறுப்புகளின் தொகுப்பு ஆகும். வெளியே தெரிவது வளைந்த ஒரு சிறு நெம்புகோல் மட்டுமே. பேச்சுவழக்கில் அதை டிரிக்கர் என்கிறோம். துப்பாக்கிக் குதிரை என்ற பழைய சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் துப்பாக்கி ஒரு முறை சுடுமா, தொடர்ந்து சுடுமா என்பதைத் தீர்மானிக்கும் உறுப்புகள் உள்ளே மறைந்திருக்கின்றன. வெளிநாடுகளில், முக்கியமாக ஐக்கிய அமெரிக்காவில், தொழிற்சாலை பொருத்திய விசையைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனம் செய்த மாற்று விசையைப் பொருத்துவது பரவலான வழக்கம். இந்தியாவில் அதே செயல் கடும் தண்டனைக்குரிய குற்றமாகக்கூடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, விசை வேலை செய்யும் முறையை முதலில் பார்க்க வேண்டும்.

செயல்படும் முறை

வீட்டில் வைக்கும் எலிப்பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொறியின் வில்லை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டி வைக்கிறோம். எலி இரையைத் தொட்டதும் கொக்கி நழுவுகிறது, வில் அடிக்கிறது. அடிக்கும் ஆற்றல் எலியிடமிருந்து வரவில்லை. முன்பே வில்லில் சேமித்து வைத்த ஆற்றல்தான் அது. துப்பாக்கியிலும் இதே கதைதான். சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கும் சுத்தியை ஒரு சிறு கொக்கி தடுத்து வைத்திருக்கிறது. ஆங்கில வழக்கில் அதற்கு சியர் என்று பெயர். விரல் விசையை இழுத்ததும் கொக்கி நழுவ, சுத்தி பாய்ந்து சுடும் ஊசியைத் தட்டுகிறது. ஊசி தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியைத் தட்டுகிறது.

இதுவரை சொன்னது எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். அடுத்த குண்டுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளில், சுடுபவர் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து வெற்று உறையை வெளியேற்ற வேண்டும். பிறகு முன்னுக்குத் தள்ளிப் புதுத் தோட்டாவை ஏற்ற வேண்டும். அரைத்தானியங்கியில் இந்த வேலையை வெடிப்பின் ஆற்றலே செய்துவிடும். வெற்று உறை வெளியேறும், சுத்தி மறுபடி பின்னுக்குப் போகும், புதுத் தோட்டா ஏறும். எல்லாம் நொடியின் ஒரு சிறு பகுதியில் முடிந்துவிடும். அதற்குள் விரல் விசையை விட்டிருக்காது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். விரல் இன்னும் விசையை இழுத்தபடி இருக்கிறது. முதல் கொக்கி இன்னும் விலகியே இருக்கிறது. அப்படியானால் பின்னுக்குப் போன சுத்தி உடனே முன்னே பாய்ந்து அடுத்த குண்டையும் சுட்டுவிட வேண்டும் அல்லவா? அதைத் தடுப்பதற்கென்றே அரைத்தானியங்கியில் இன்னொரு உறுப்பு இருக்கிறது. டிஸ்கனெக்டர் எனப்படும் இதைத் தமிழில் துண்டிப்பி எனலாம். திரும்பி வரும் சுத்தியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். விரல் விசையை விட்ட பிறகுதான் சுத்தி மறுபடி முதல் கொக்கியின் பொறுப்புக்கு வரும். அடுத்த குண்டுக்கு விசையை மீண்டும் இழுத்தாக வேண்டும்.

வீட்டு வாசல் மணிகளில் இருவகை உண்டு. ஒன்று, பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே ஒரு முறை ‘டிங் டாங்’ என்று ஒலிக்கும். மற்றது, கை எடுக்கும்வரை அலறிக்கொண்டே இருக்கும். அரைத்தானியங்கி முதல் வகை. முழுத்தானியங்கி இரண்டாம் வகை. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். செய்தித்தாள்களும் சில வேளை குழப்புகின்றன.

தூத்துக்குடி வட்டாரத்தில்

தமிழ்நாட்டு வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட அரைத்தானியங்கி ஆயுதம் ஒரு கைத்துப்பாக்கி. 1911 ஜூன் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள மணியாச்சி ரயில் சந்திப்பில், திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார்; பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் துப்பாக்கி. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடும் பயிற்சி பெற்றதாகக் கூறப்படுகிறது. பயிற்சி பெறாத கை விசையை வெடுக்கென்று இழுத்தால் துப்பாக்கியின் முனை விலகிவிடும்; அருகிலிருக்கும் இலக்கும் தவறும்.

அந்தத் துப்பாக்கியைச் செய்த நிறுவனம் பெல்ஜியத்தின் எர்ஸ்டல் நகரிலுள்ள எஃப்.என். அதே நிறுவனம் பிற்காலத்தில் வடிவமைத்த எஃப்.ஏ.எல். என்ற ரைஃபிளிலிருந்துதான், 1960களில் மேற்கு வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலை இந்தியப் படைகளுக்கான எஸ்.எல்.ஆர். ரைஃபிளை உருவாக்கியது. எஸ்.எல்.ஆர். என்பது செல்ஃப் லோடிங் ரைஃபிள், அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. 7.62 மில்லிமீட்டர் தோட்டா, 20 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின். எஃப்.ஏ.எல். பல நாடுகளில் தொடர்ந்து சுடும் வகையாகவும் இருந்தது. பிரிட்டனும் இந்தியாவும் தம் காலாட்படைக்கு ஒற்றைச் சூட்டு வகையையே எடுத்துக்கொண்டன. தோட்டா வலிமையானது, தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி மேல்நோக்கி எழும்பிக் குறி சிதறிவிடும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

எஸ்.எல்.ஆர். என்ற பெயர் 2018க்குப் பிறகு தூத்துக்குடி மக்களுக்கு ஆழமாகப் பதிந்துவிட்ட பெயர். அவ்வாண்டு மே 22, 23 ஆகிய நாட்களில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் பலர்மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. விசையமைப்பை அறிந்தவருக்கு இதில் ஒரு செய்தி விளங்கும். இத்தகைய துப்பாக்கியில் கை தவறி நாலைந்து குண்டுகள் சேர்ந்து பாய்வதில்லை. வெளியேறிய ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை விசை இழுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை குண்டு, யார் சுட்டது என்ற எண்ணிக்கை விசாரணையில் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

மாற்று விசை எதற்கு?

படைத் துப்பாக்கிகளின் விசை வேண்டுமென்றே சற்றுக் கடினமாக வைக்கப்படுகிறது. அமெரிக்கப் படையின் எம்16 வகை ரைஃபிளின் விசையை இழுக்க ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. ஓட்டமும் தாவலும் நிறைந்த களத்தில், கையுறை அணிந்த விரல் தெரியாமல் பட்டாலும் வெடிக்கக் கூடாது என்பதே நோக்கம். இலக்குப் பயிற்சி செய்பவருக்கோ இந்தக் கடினம் இடைஞ்சல். இழுக்க இழுக்கக் கை ஆடும், குறி விலகும். ஆகவே இலகுவாகவும் வழவழப்பாகவும் இழுபடும் மாற்று விசைகளைத் தனி நிறுவனங்கள் செய்து விற்கின்றன. எம்16ஐ ஒத்த, ஆனால் அரைத்தானியங்கியான ஏ.ஆர்.-15 ரைஃபிளுக்கு இவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

இலகு என்பது எப்போதும் நன்மையன்று. கொக்கியும் சுத்தியும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் விளிம்பு மிகச் சிறியது. அந்தப் பிடிப்பைக் குறைக்கக் குறைக்க விசை இலகுவாகும். கீழே விழுந்தாலோ இடித்தாலோ தானாக வெடிக்கும் அபாயமும் கூடும். தொழிற்சாலை வடிவமைப்பிலேயே இந்தச் சிக்கல் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் ரெமிங்டன் 700 என்ற வேட்டைத் துப்பாக்கி விசையைத் தொடாமலே வெடித்ததாகப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. குறைபாட்டை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் விசையை இலவசமாக மாற்றித் தரும் உடன்பாட்டுக்கு வந்தது. பொறியாளர்கள் நிறைந்த தொழிற்சாலைக்கே இந்த நிலை என்றால், காணொளி பார்த்து வீட்டு மேசையில் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. படைகளில் சிப்பாய் தன் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் இடலாம். விசையமைப்பில் கை வைக்கக் கூடாது. அது ஆர்மரர் எனப்படும் ஆயுதப் பழுதாளரின் வேலை.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

1934ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியை விசையை வைத்தே வரையறுக்கிறது. விசையின் ஒரே செயலால் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடுவது எதுவோ அதுவே இயந்திரத் துப்பாக்கி என்பது அதன் சாரம். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் நகரில் இசை நிகழ்ச்சியொன்றின் மீது நடந்த தாக்குதலில், பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் பலியானார்கள். சுட்டவர் பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி பொருத்திய அரைத்தானியங்கிகளைப் பயன்படுத்தியிருந்தார். துப்பாக்கியின் பின்னடிப்பைக் கொண்டே விசை மீண்டும் மீண்டும் விரலில் மோதும்படி செய்யும் கருவி அது. அடுத்த ஆண்டின் இறுதியில் அரசு அதை இயந்திரத் துப்பாக்கி வகையில் சேர்த்துத் தடை செய்தது. 2024 ஜூன் 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அந்தத் தடையை நீக்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக இயங்குவதால் சட்டத்தின் சொற்கள் இதற்குப் பொருந்தா என்பது தீர்ப்பு. மறுத்த மூவரோ, ஒரு முறை இழுத்துப் பிடித்தால் குண்டுமழை பொழிகிறதே, வேறென்ன வேண்டும் என்ற கருத்தில் நின்றார்கள். அறுபது உயிர்களுக்குப் பின் எழுந்த வழக்கு, விசையின் ஒரே செயல் என்ற தொடரின் பொருளில் முடிந்தது.

இந்தியச் சட்டம்

இந்திய ஆயுதச் சட்டம், 1959 தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை விளக்கும்போது அதே விசையைத்தான் பிடித்துக்கொள்கிறது. விசையில் அழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தம் நீங்கும்வரை அல்லது மேகசின் காலியாகும்வரை குண்டுகள் தொடர்ந்து வெளியேறும்படி வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. ‘மாற்றப்பட்ட’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கியைப் பிறகு மாற்றினாலும் அது இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பெரிய வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. அங்கே ஏ.ஆர்.-15 ரைஃபிளின் வரிசை எண் பொறித்த உடற்பகுதியே சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி; சாதாரண மாற்று விசை வெறும் உதிரிப்பாகம், அஞ்சலில் வாங்கலாம். இந்தியச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லின் பொருளுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு விசையை வாங்கி வரவழைப்பது, உரிமம் இல்லாமல் ஆயுதத்தையே இறக்குமதி செய்வதற்குச் சமமாகிறது. கைபேசித் திரையில் பாதாம்பருப்பும் துப்பாக்கி விசையும் ஒரே மாதிரி வண்டியில் ஏறுவதால், இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி ஆயுதம் செய்தல், விற்றல், பழுதுபார்த்தல் ஆகியவற்றை வணிகமாகச் செய்ய உரிமம் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், துப்பாக்கியை ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்றுவதையும் 6ஆம் பிரிவில் சேர்த்தது. உரிமமின்றிச் செய்யும் இத்தகைய குற்றங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்பதற்கு 7 முதல் 14 ஆண்டுகள்.

பொதுமக்களுக்கு அரைத்தானியங்கி ரைஃபிள் எளிதில் கிடைப்பதுமில்லை. .303, 7.62 மில்லிமீட்டர் ஆகிய படைத் தோட்டாக்களை ஏற்கும் ரைஃபிள்களும் அரைத்தானியங்கி ரைஃபிள்களும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் உள்ளன. மாவட்ட ஆட்சியர் வழங்கும் வழக்கமான உரிமத்தில் இவை அடங்கா. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கைக்குப் போகும் விஷயம் அது.

விளையாட்டில்

விசையின் எடையைச் சட்டபூர்வமாகக் கூட்டிக் குறைக்கும் களம் துப்பாக்கி சுடுதல் விளையாட்டு. போட்டித் துப்பாக்கிகளின் விசையில் தயாரிப்பாளரே திருகுகள் வைத்திருப்பார். பன்னாட்டு விதிகளில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1000 கிராம் விசை எடை இருக்க வேண்டும். நடுவர் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார். கல் எழும்போது விசை நழுவினால் துப்பாக்கி ஏற்கப்படாது. 10 மீட்டர் காற்று ரைஃபிளுக்கு இந்த வரம்பு இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெயர் பெற்றது இந்தப் பிரிவில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுச் சூட்டுப் போட்டியில் பயன்படுவது .22 அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி. அங்கே 1000 கிராம் விதி உண்டு.

உரிமம் பெற்று வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தென் மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்ததும் திரும்பப் பெறுவதும் அவர்களுக்குப் பழகிய நடைமுறை. அத்தகைய துப்பாக்கியில் விசை இறுகியோ தளர்ந்தோ போனால், பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுதக் கடையிடம் உரிமப் புத்தகத்தோடு கொண்டுபோக வேண்டும். பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் அரம் போட்டுத் தரச் சொல்வது இருவரையும் வழக்கில் மாட்டிவிடும்.