பார்டரில் யாரும் நிற்பதில்லை

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் வீட்டில், காலண்டர் ஆணியில் ஒரு லேப் ரிப்போர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 116. மூன்று மாத சராசரி 6.1. “பார்டர்லதான் இருக்கு, மாத்திரை வேணாம், சாப்பாட்டைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க” என்றார் அண்ணன் நிம்மதியாக. திரும்ப எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தேதியைப் பார்த்தேன், மூன்று வருஷத்துக்கு முந்தைய தாள்.

மூன்று வருஷத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் அண்ணனைப் போலப் பார்டரில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் மூன்று வருஷத்துக்குள் முழு நீரிழிவுக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவில் 2002-ல் வெளியான இதே மாதிரி ஆய்வில் அந்தக் கணக்கு 100-க்கு 29 பேர்தான். நம் உடம்பு இந்தக் கட்டத்தை வேகமாகக் கடக்கிறது. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே நமக்கு ஆபத்துதான். எடை பார்க்கும் மெஷின் இதைச் சொல்லாது.

அதே ஆய்வில் நல்ல செய்தியும் உண்டு. உணவையும் நடையையும் கடைப்பிடிக்க வழிகாட்டப்பட்ட குழுவில் 55 என்பது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே மாத்திரை இல்லாமல் முயல்வது வீண் ஆசையல்ல. ஆனால் அந்தக் குழுவிலும் 100-க்கு 39 பேர் பார்டரைத் தாண்டினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016-ல் வெளியான இன்னொரு சென்னை ஆய்வில், முதலில் உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி கொடுத்து, போதாதவர்களுக்கு மட்டும் மாத்திரை சேர்த்தார்கள். 100-க்கு 72 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது. மாத்திரையே தொடமாட்டேன் என்பதை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டு, அதற்காகவே பரிசோதனைக்குப் போகாமல் இருக்கும் பலரை எனக்குத் தெரியும். என் பயமெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். “சோத்தை விட்டுட்டேன், ராத்திரி சப்பாத்திதான்” என்பது செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கேட்கிற வாக்கியம். நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும், அல்லது ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025-ல் இதைத்தான் சொன்னது: அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிப் போடுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மொத்த மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்களின் புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மீனும் இருக்கிறது. ஆனால் இங்கே மீன் குழம்பு வைத்த நாளில்தான் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்குகிறது.

எவ்வளவு சோறு என்பதற்கும் அளவு உண்டு. 21 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகமாக இருந்தது. அண்ணி வீட்டுத் தராசில் அண்ணனின் மதியத் தட்டை வைத்துப் பார்த்தோம். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று முறை போட்டதைக் கூட்டினால் 480 கிராம். ஒரே வேளைக்கு. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடல் உழைப்பு விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. “நாள் முழுக்க உளி பிடிக்கிறேன், எனக்கெதுக்கு வாக்கிங்” என்பார் அண்ணன். உளி பிடிப்பது கை; கால்கள் எட்டு மணி நேரம் மடங்கியே கிடக்கின்றன. சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது குறைந்தபட்சம். சாப்பிட்ட உடனே பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது இன்னும் நல்லது. ராமச்சந்திரன் ஆய்வில் எடை பெரிதாகக் குறையாமலே பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லை என்று நடையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிசோதனை வாசலுக்கு வந்தால் மக்கள் வரத்தான் செய்கிறார்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் சூனாம்பேட்டில் 2006-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் செயற்கைக்கோள் இணைப்புள்ள வேன் ஒன்றை 42 கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 23,000 பேருக்கு மேல் பரிசோதித்துக்கொண்டார்கள். நீரிழிவு இருந்தவர்களின் மூன்று மாத சராசரி ஒரே வருஷத்தில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. இன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வந்தவரிடம் “எனக்கு பார்டர்தான்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்; விரலை நீட்டுங்கள்.

பார்டரில் இருப்பவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, மூன்று மாத சராசரி 6.5: இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தசோகை இருந்தால் மூன்று மாத சராசரியை மட்டும் நம்பக் கூடாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள் ஆயுளுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. இது அவர்களுக்கு எழுதியதல்ல.

அண்ணனைப் போன மாதம் கூட்டிப் போனோம். வெறும் வயிற்றில் 134, சராசரி 6.8. மாத்திரை தொடங்கியாயிற்று, சோறு 150 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. புது ரிப்போர்ட்டும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் தலையில் அடுத்த பரிசோதனைத் தேதியை அண்ணி சிவப்புப் பேனாவால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.