தளம் போட்டாச்சு... அப்புறம் யார் பார்ப்பது?

‘‘சார், மாப்பிள்ளைச் சம்பா வாங்கலாம்னு கூகுள்ல உங்க கம்பெனி பேரைத் தேடினேன். ஜப்பான் மொழியில ஏதோ கைப்பை விக்கிற பக்கமா வருது. தொழிலை மாத்திட்டீங்களா?’’

மார்கழி மாதம், பொங்கல் ஆர்டர் குவியும் நேரம். சென்னை வாடிக்கையாளர் ஒருவர் போனில் இப்படிக் கேட்ட பிறகுதான், எனக்குத் தெரிந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினருக்கு விஷயமே தெரிந்தது. அவர்கள் தளத்தைத் திறந்து பார்த்தால் அரிசி, மஞ்சள்தூள், செக்கு எண்ணெய் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கூகுளில் தேடினால் மட்டும் நூற்றுக்கணக்கான ஜப்பானியப் பக்கங்கள். உள்ளே புகுந்தவர்கள், தேடுபொறிக்கு ஒரு முகம், உரிமையாளருக்கு ஒரு முகம் என்று மாற்றி வைத்திருந்தார்கள். பல நாடுகளில் பல காலமாக நடக்கும் வேலைதான் இது. போலிச் சரக்கு விற்பவர்கள், நல்ல பெயர் எடுத்த அடுத்தவர் தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

‘‘மூணு வருஷமா அந்தத் தளத்துல நாங்க கையே வைக்கலையே, எப்படிக் கெட்டுச்சு?’’ என்று செயலாளர் என்னிடம் கேட்டார். கை வைக்காததுதான் காரணம்.

எனக்குத் தெரிந்த பாடத்திலிருந்தே சொல்கிறேன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் ஐ.ஆர்.26 என்ற ரகத்தை வெளியிட்டது. புகையான் பூச்சியைத் தாங்கி நின்ற ரகம். சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வயல்களில் அதே ரகத்தைப் புகையான் சாய்த்தது. விதை மாறவில்லை, பூச்சி மாறிவிட்டது. இணையதளமும் அப்படித்தான். நீங்கள் போட்டபோது அதில் இருந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒருநாள் யாரோ அதைக் கண்டுபிடிப்பார்கள். மென்பொருள் செய்தவர் அதை அடைத்து அப்டேட் கொடுப்பார். அந்த அறிவிப்பு நமக்கு மட்டுமல்ல, திருடனுக்கும் போகிறது. இனி அவன் தேடுவதெல்லாம், இன்னும் அடைக்காதவர் யார் என்பதைத்தான்.

நம் குழுக்களின் தளங்களில் நிறைய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தவை. அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துண்டு மென்பொருள்களுக்கு பிளக்-இன் என்று பெயர். 2020-ல், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ‘ஃபைல் மேனேஜர்’ என்ற பிளக்-இன்னில் ஓர் ஓட்டை தெரியவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் யாரும் உள்ளே கோப்பை வைத்துவிட்டுப் போகலாம். அதை அடைத்த பதிப்பு செப்டம்பர் 1-ம் தேதியே வந்துவிட்டது. அதன் பிறகும் நாள்கணக்கில் தாக்குதல் நடந்தது. அந்த பிளக்-இன் இல்லாத தளங்களின் கதவையும் தட்டிப் பார்த்தார்கள். ஆள் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை, நிரல்கள் ராப்பகலாகச் செய்யும் வேலை.

‘எங்கள் தளத்தில் பணமே வாங்குவதில்லை, எங்களிடம் திருட என்ன இருக்கிறது?’ என்று வாசகர்கள் கேட்பதுண்டு. உங்கள் பெயர் இருக்கிறது. ஆர்டர் கொடுத்தவர்களின் முகவரியும் போன் எண்ணும் இருக்கின்றன. பணம் அனுப்ப க்யூ.ஆர். படம் போட்டிருந்தால், உள்ளே வந்தவன் அதையே மாற்றி வைக்க முடியும். அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

நான் பார்த்த நிறுவனத்தில் ஓட்டையைவிடப் பெரிய சிக்கல் வேறு. தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில்தான் லாகின், டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் இருந்தன. அவர் போன் எண்ணும் மாறிவிட்டது. பேக்கப் கிடையாது. தளத்தை மறுபடி எழுப்பி, கூகுளில் ஜப்பானியப் பக்கங்கள் மறைவதற்குள் பொங்கல் போய்விட்டது. கட்டி வைத்த பரிசுப் பைகளை உள்ளூர்ச் சந்தையில் விலை குறைத்துத் தள்ளினார்கள்.

எனவே, டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தானா என்பதை இன்றே பாருங்கள். புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிவிடலாம். அரிசிப் பையில் அச்சடித்த முகவரி சூதாட்டத் தளத்துக்குப் போனாலும் கேட்க முடியாது. தானாக அப்டேட் ஆகும் வசதியை இயக்கி வையுங்கள். பயன்படுத்தாத பிளக்-இன்களை நீக்குங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதை ‘இலவசமாக’ இறக்கிப் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். களைவிதை கலந்த விதைமூட்டை அது. வேலையை விட்டுப் போனவரின் லாகினையும் அன்றே எடுத்துவிட வேண்டும். பேக்கப் பிரதி ஒன்று ஹோஸ்டிங்குக்கு வெளியே இருக்கட்டும்; விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைப்பதில்லையே! தளம் செய்பவரிடம் பேசும்போது, செய்யும் கூலியோடு ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். இதை நிர்வாகக் குழுவில் சொன்னால் ‘வீண் செலவு’ என்பார்கள். சொட்டுநீர் வடிகட்டியைக் கழுவச் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் தளத்தின் பேரில் கூகுளிடம் உள்ள பக்கங்கள் வரும். நீங்கள் எழுதாத பக்கம் ஒன்று வந்தாலும் ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அந்த நிறுவனத்தில் இப்போது அமாவாசைதோறும் இந்தத் தேடலைச் செய்கிறார்கள். அன்று அங்கே ஏர் பூட்டுவதில்லை, அதனால் எல்லோரும் அலுவலகத்தில் இருப்பார்கள். கணக்கர் பெண் தேடிப் பார்த்து, அப்டேட், பேக்கப் தேதிகளை வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். செயலாளர் கையெழுத்துப் போடுகிறார்.