மலைப்பாதையில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தவிர்த்தல்

பண்டாரவளை, வெலிமடை, ஊவா பரணகம ஆகிய பகுதிகளின் நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் மோட்டார் சைக்கிள் இன்று மண்வெட்டியைப் போன்றே ஒரு தொழிற் கருவியாகிவிட்டது. விதையும் பசளையும் நிலத்துக்குப் போவதும், போஞ்சி, கோவா, லீக்ஸ் முதலியன மூடைகளாக லொறி நிற்கும் சந்திக்கோ கெப்பெட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ வந்து சேர்வதும் பல வேளைகளில் அதன் முதுகிலேதான். இவ்வாறு உழைக்கும் வண்டிகளுட் பல இருபது முப்பது ஆண்டு வயதானவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அவ்வைந்தாண்டுக் காலத்தில் உள்ள வண்டியைப் பேணி ஓட்டுவதன்றிப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125 முதலிய பழைய வண்டிகள் இப்பகுதியில் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய வண்டியின் எஞ்சின் நடுவழியிற் பிடித்துக்கொண்டு நின்றுவிடுமாயின், பறித்த மரக்கறி அன்றைய விலையை இழக்கும். திருத்தச் செலவோ ஒரு போகத்து இலாபத்தை விழுங்கிவிடக்கூடும். பிடித்துக்கொண்ட எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் காணப்படும் காரணம் ஒன்றே: உராயும் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை.

எண்ணெய் எவ்வாறு செல்கின்றது

நான்கடிப்பு எஞ்சின்களில், ‘ஒயில்’ என்று வழங்கப்படும் எஞ்சின் எண்ணெய் அடிக்கிண்ணத்திலே தங்கியிருக்கும். அங்குள்ள வலையின் ஊடாகச் சிறு பம்ப் ஒன்று அதனை உறிஞ்சி, கிராங் ஷாப்டுக்கும் எஞ்சின் தலையிலுள்ள காம் ஷாப்டுக்கும் தள்ளுகின்றது. தன் வேலையை முடித்த எண்ணெய் வடிந்து மீண்டும் கிண்ணத்துக்கு வருகின்றது. பழைய ஹொண்டா வண்டிகள் சிலவற்றில் காம் ஷாப்டுக்குத் தனிப் பெயாரிங் இல்லை. அது அலுமினியத் தலையிலேயே நேரடியாகச் சுழல்கின்றது. ஆகையால் எண்ணெய் சில நிமிடம் தவறினாலும் முதலிற் கெடுவது தலைப்பகுதியே. அது கெட்டால், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்ற இயலாது. தலையையே மாற்ற வேண்டிவரும். இச்சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் குறைந்ததை அறிவிக்கும் விளக்கும் கிடையாது. கமக்காரரின் கண்ணும் காதுமே விளக்காகும்.

கிணற்றில் நீர் வற்றி, நீரிறைக்கும் பம்பின் அடிவால்வு காற்றை உறிஞ்சத் தொடங்கினால் என்ன நேரும் என்பதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். குழாயில் நீரும் காற்றும் மாறிமாறி வந்து, பின்பு வரத்து அற்றுவிடும். எஞ்சினுள் எண்ணெய்ப் பம்ப் காற்றை உறிஞ்சும்போதும் அதுவே நிகழ்கின்றது. வேறுபாடு என்னவெனில், இங்கே வரத்து அற்றதை வெளியிலிருந்து எவரும் காண்பதில்லை.

சாய்வும் எண்ணெய் அலைவும்

சமப்படுத்தாத வயற் பாத்தியில் நீர் பாய்ச்சினால், தாழ்ந்த வரம்போரம் நீர் தேங்கி நிற்க, மேட்டுப்புறம் காய்ந்து கிடக்கும். நீர் போதிய ஆழமாக நின்றாலோ மேடும் மூழ்கிவிடும். எஞ்சின் எண்ணெயும் இவ்விதமே. பத்து அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 6 பாகை பின்புறம் சாய்கின்றது. இது பெரிதன்று. ஆனால், இரு பிறேக்குகளையும் இறுகப் பிடிக்கும்போது சமதரையிலேயே அது 25 பாகைக்கு மேலாக முன்புறம் பாயக்கூடும். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகளிலும், எல்லையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் பாதையிலும் இறக்கத்தின் சாய்வும் பிறேக்கின் பாய்ச்சலும் ஒன்றுகூடுகின்றன. பண்டாரவளையிலிருந்து வெல்லவாயா செல்பவர் ஏறத்தாழ 1,000 மீற்றர் கீழிறங்குகின்றார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வளைவுகளில் வண்டியைச் சரிப்பதால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. மோட்டார் சைக்கிள் வளைவில் தானே சரிந்துகொள்வதால், எண்ணெய் கிண்ணத்தின் அடியிலேயே நிற்கும். காரிலும் லொறியிலுமே பக்கவாட்டு அலைவு தொல்லை தரும்.

இவற்றையெல்லாம் எண்ணியே எஞ்சின் அமைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் மேற்குறிவரை நிற்குமாயின் மலைப்பாதையின் எச்சாய்வையும் அது தாங்கும். அலைவு தீமையாவது எண்ணெய் குறைந்தபோது மட்டுமே.

குறைவு எங்கிருந்து வருகின்றது

சிறு வண்டிகளின் கிண்ணம் கொள்ளும் எண்ணெய் ஒரு லீற்றருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். 800 மில்லிலீற்றர் கொள்ளும் பழைய எஞ்சின் ஒன்று 1,000 கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றரை எரித்துவிடுகின்றது என வைத்துக்கொள்வோம். 2,000 கிலோமீற்றர் சென்றதும் மிஞ்சுவது பாதியே. “ஒயில் மாற்றும் நாள் இன்னும் வரவில்லை” என்று நாட்காட்டியைப் பார்த்திருப்பவர், பாதி எண்ணெயோடு மூடையேற்றிப் பூனாகலைப் பாதையில் ஏறுகின்றார். பழைய வண்டிக்கு எண்ணெய் மாற்றும் தவணையைவிட எண்ணெய் பார்க்கும் வழக்கமே முக்கியமாகும். வாரம் ஒருமுறையும், நெடும் பயணத்தின் முன்பும் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய் எரிகின்றதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நீண்ட இறக்கத்தில் பெற்றோலை மூடியவாறு இறங்கி, அடியில் மீண்டும் முறுக்கும்போது புகைக்குழாயில் நீலப்புகை எழுமாயின், வால்வு வழியாக எண்ணெய் உள்ளிழுக்கப்படுகின்றது என்று கொள்ளலாம். இடைவிடாது நீலப்புகை வருமாயின் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருக்கலாம். வண்டி நிறுத்துமிடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுந்திருப்பின் கழிவு ஆணியின் வாசரையும், கிக்கர், கியர்த் தண்டுகளின் சீல்களையும் பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும் முறை

இதிலே தவறுவோர் பலர். பக்கக் காலில் சாய்ந்து நிற்கும் வண்டியின் அளவு பொய்யளவாகும். மலைநாட்டு வாசல்களோ பெரும்பாலும் சரிவானவை. ஆகவே சீமெந்துத் தளமொன்றைத் தேடிக்கொள்வது நன்று. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் வடிவதற்கு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, நடுக்காலில் நேராக நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பழைய ஹொண்டா வண்டிகளில் அளவுகோலைத் துடைத்தபின் மரையிற் திருகாது, துவாரத்தின் வாயில் இருத்தியே அளவு பார்க்கப்படும். திருகிப் பார்த்தால் கோல் ஆழமாக இறங்கி, எண்ணெய் குறைந்திருந்தும் நிறைந்ததாகக் காட்டும். பிற வண்டிகளில் முறை வேறாகலாம், கைந்நூலைப் பார்க்கவும்.

குறைவுக்கு அஞ்சி மேற்குறியைக் கடந்து ஊற்றுவதும் கேடே. கிராங் அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையை உறிஞ்சும் பம்ப் பாதி காற்றையே தள்ளும்.

என்பீல்ட் புல்லட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் செய்யப்பட்ட பழைய வகைப் புல்லட்டில் எண்ணெய்க்குத் தனி அறை இருக்கும். வண்டி பலநாள் நின்றால் எண்ணெய் அவ்வறையிலிருந்து கிராங் அறைக்குக் கசிந்துவிடும். அப்போது கோலில் குறைவு தெரியும். உடனே ஊற்றாது, எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் திரும்பிய பின்பே அளக்க வேண்டும்.

எண்ணெயின் தரமும் வலையின் சுத்தமும்

தேய்ந்த எஞ்சினுக்கு மிகத் தடித்த எண்ணெய் ஊற்றினால் புகை குறையும் என்பது ஓரளவு உண்மையே. ஆயினும் பண்டாரவளையின் குளிர்ந்த விடியலில் அத்தகைய எண்ணெய் தலைவரை ஏறுவதற்கு நேரமெடுக்கும். கைந்நூல் அனுமதிக்கும் தடிப்பைக் கடவாதிருத்தல் நலம். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் முறுக்காது, ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, முதற் கிலோமீற்றரை நிதானமாகச் செல்லல் வேண்டும். கிளச்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்குச் சில கார் எண்ணெய்கள் ஒவ்வா, கிளச் வழுக்கும். போத்தலில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறி உள்ளதா எனப் பார்த்து வாங்கவும். மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென 1998இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட தரக்குறி அது.

எண்ணெய் நிறைந்திருந்தும் தட்டுப்பாடு நேரலாம். கிண்ணத்தின் வலையைக் கிளச் தூளும் கரிச்சேறும் மூடிவிடும். கராஜில் மூடிகளைப் பொருத்தும்போது அளவுக்கு மீறிப் பூசப்படும் சிலிக்கன் பசையின் துணுக்குகள் உள்ளே உதிர்ந்து எண்ணெய்த் துவாரங்களை அடைப்பதும் உண்டு. பசை மெல்லிய கோடாக இருந்தாற் போதும் என்று கராஜ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பல ஹொண்டாக்களில் கிராங்கின் நுனியிற் சுழன்று சேற்றைப் பிடிக்கும் கிண்ணவடி ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றினால் மட்டும் அது சுத்தமாவதில்லை. கைந்நூல் கூறும் தவணையில் மூடியைக் கழற்றிச் சேற்றைத் துடைத்தெடுக்க வேண்டும்.

ஈரடிப்பு வண்டிகள்

பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றப்படும் ஈரடிப்பு எஞ்சினுக்கு இறக்கமே பகை. பெற்றோலை மூடியபடி வேகமாக இறங்கும்போது எஞ்சின் சுழன்றுகொண்டேயிருக்கும். ஆனால் பெற்றோல் வராமையால் அதனோடு வரும் எண்ணெயும் வராது. இடையிடையே கிளச்சைப் பிடித்துச் சிறிது முறுக்கிவிட்டால் எண்ணெய் உட்செல்லும். 1964இல் யமஹா தனி எண்ணெய்ப் பம்ப் வைத்த வண்டியை வெளியிட்டது. அவ்வகையில் இத்தொல்லை குறைவு, எண்ணெய்த் தாங்கி வெறுமையாகாதவரை. நாற்பதுக்கு ஒன்று எனக் கலக்கும் வண்டிக்கு 5 லீற்றர் பெற்றோலுக்கு 125 மில்லிலீற்றர் எண்ணெய் வேண்டும். கண்மதிப்பாக ஊற்றலாகாது.

நீரிறைக்கும் எஞ்சின்

ஓடைக்கரையில் வைக்கப்படும் சிறு பெற்றோல் பம்புகள் பலவற்றில் எண்ணெய்ப் பம்பே இல்லை. உள்ளே சிறு அகப்பை ஒன்று எண்ணெயை வாரி எறிகின்றது. எஞ்சின் சரிந்திருந்தால் அகப்பைக்கு எண்ணெய் எட்டாது. மணிக்கணக்காக ஓடும் பம்பில் இது மோட்டார் சைக்கிளைவிடக் கொடியது. ஹொண்டா ஜி.எக்ஸ். வகைக்கு உச்சச் சாய்வு 20 பாகையே. கரையை மண்வெட்டியாற் சமப்படுத்தி, பலகையிட்டு வைக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தானே நிறுத்தும் கருவி உள்ள எஞ்சினில், “அடிக்கடி நிற்கின்றது” என்று அதன் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் அடியோடு ஒழிக்கத்தக்கது.

வழியில் எஞ்சினின் தலையிலிருந்து புதிதாகக் ‘கடகட’வென்ற ஒலி எழுந்தாலோ, ஏற்றத்தில் வலு திடீரெனக் குன்றினாலோ அவ்விடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். “அடுத்த சந்திவரை போய்விடலாம்” என்று எண்ணும் அந்தச் சில நிமிடங்களே காம் ஷாப்டை அரித்துவிடுவன. ஆறவிட்டு அளவு பார்த்து, குறைவாயின் ஊற்றிய பின், பாரத்தை இறக்கிவிட்டுக் கிளப்பிக் கேட்டுப் பார்க்கலாம். எண்ணெய் நிறைந்திருந்தும் ஒலி தொடருமாயின், வண்டியைத் தள்ளியோ லொறியில் ஏற்றியோ கராஜுக்குக் கொண்டுபோய், முதலில் வலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லவும்.