ஏடா, உயிரா?

பொதுச் சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் நாடும் மாணவர் சிலர், இன்று அகதி முகாம்களை ஆய்வுக்களமாகக் கொள்கின்றனர். நல்ல நோக்கம், தோழர்களே! ஆனால், ஏடு நிரம்பினால் போதுமா? ஏழை பிழைக்க வேண்டாமா?

1971. வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில், பன்காவ் நகரில் அகதிகள் வெள்ளம். காலரா கொன்று குவித்தது. ஊசிவழி ஏற்றும் சலைன் தீர்ந்து வந்தது. ஆய்வாளர் திலீப் மகலனாபிஸ் கைகட்டி நின்றாரா? இல்லை! உப்பு, குளுக்கோஸ், ஆப்பசோடா மூன்றையும் நீரில் கலந்தார். நோயாளியின் உறவினரையே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கிற்று!

கட்டுரை வெளிவந்தது 1973இல். முதலில் உயிர், பின்னரே ஏடு! ஆராய்வோரைப் பாட்டாளி கேட்கட்டும்: உன் ஆய்வால் பிழைத்தவர் எத்தனை பேர்?