பல்லை அடைச்ச பிறகும் இடுக்கில் சாப்பாடு மாட்டுதா? இதுதான் காரணம்!

சொத்தைப் பல்லை அடைச்சாச்சு, வலியும் போயாச்சு. ஆனால் கீரையோ கறியோ சாப்பிட்டால் மட்டும் அதே இடத்தில் நார் மாட்டிக்கொள்கிறது. பலரும் 'புது அடைப்பு, போகப் போகச் சரியாகிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது சரிதானா?

பக்கத்துப் பல்லோடு என்ன தொடர்பு?

கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டு நிற்க வேண்டும். அந்தத் தொடுபுள்ளிதான் உணவு ஈறுக்குள் இறங்காமல் தடுக்கும் கதவு. சொத்தை இரண்டு பல்லுக்கு நடுவில் வந்தால், அந்தப் பக்கச் சுவரே போய்விடும். அடைக்கும்போது அதைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இதற்காக மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைத் தற்காலிகச் சுவராக வைப்பார்கள். அடைத்து முடித்துப் பட்டையை உருவினால், அது இருந்த இடம் இடைவெளியாக நிற்கும். அதன் தடிமன் சுமார் 0.04 மி.மீ., அதாவது தலைமுடியை விட மெல்லியது. ஆனாலும் பிடிப்பு தளர அதுவே போதும்.

வெள்ளி அடைப்பில் இந்தச் சிக்கல் இல்லையா?

இருந்தது, ஆனால் குறைவு. பாதரசம் கலந்த அமால்கத்தை அழுத்தி அழுத்தித் திணிக்கும்போது, அதுவே பட்டையைப் பக்கத்துப் பல் பக்கம் தள்ளிவிடும். பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட்டோ பசை போன்றது, அதற்குத் தள்ளும் பலம் கிடையாது. போதாக்குறைக்கு, நீல ஒளியில் இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அமால்கத்துக்குப் பெரும்பாலும் தடை விதித்துவிட்டது. இனி காம்போசிட்டின் காலம் என்பதால், இந்தச் சிக்கலும் முக்கியமாகிறது.

சரி, தீர்வு என்ன?

பல் வேர் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நடுவில் சுமார் 0.2 மி.மீ. அளவுக்கு ஒரு நார்த்திசு உண்டு. அதனால் பல் லேசாக அசைந்து கொடுக்கும். சிறிய ஆப்பும் ஸ்பிரிங் வளையமும் வைத்து இரண்டு பல்லையும் துளி விலக்கிவிட்டு அடைப்பார்கள். வளையத்தை எடுத்ததும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும், பட்டை விட்ட இடைவெளியும் மூடிக்கொள்ளும். பல்லின் வளைவுக்கு ஏற்ற துண்டுப் பட்டையோடு இந்த வளையத்தைப் பயன்படுத்தினால் தொடுபுள்ளி அதிக இறுக்கமாக அமைகிறது என்று 2006-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வும் காட்டியது.

நீங்க என்ன கவனிக்கணும்?

* நாற்காலியை விட்டு எழும் முன், ஃப்ளாஸ் நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தடுத்து, 'டக்' என்று இறங்கினால் நல்ல பிடிப்பு.
* தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் இடைவெளி இருக்கிறது. நூல் பிய்ந்தால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கலாம்.
* ஊக்கு, தீக்குச்சி வைத்துக் குத்தவே கூடாது. ஈறுதான் கிழியும்.

தானாகச் சரியாகுமா?

அதை நம்பிக் காத்திருக்க முடியாது. தினமும் உணவு தங்கினால் ஈறு வீங்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லும் சொத்தையாகலாம். பெரும்பாலும் அந்தப் பக்க அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதனால் சாப்பாடு மாட்டுவது தொடர்ந்தால், தள்ளிப்போடாமல் அடைத்த மருத்துவரிடமே போய்ச் சொல்வது நல்லது.